இடது பக்கப் பை

“அக்கா, எங்க தாத்தாவைப் பாக்கவா வந்தீங்க?”

கொட்டுகிற மழையில், ஒரு மாடிப்படியின் அடியில் நின்றுகொண்டு ஒரு சிறுமி அவளைக் கேட்ட கேள்வி அது. அவள் யாருடைய தாத்தாவையும் பார்க்க வரவில்லை. ரொட்டி வாங்கக் கிளம்பியவள். குடை அகப்படாததால் கதவுக்குப் பின்னால் தொங்கிய அக்காவின் ஆம்புலன்ஸ் ஜாக்கெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு வந்து, மழைக்கு ஒதுங்கி நின்றிருந்தாள். இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளை தலையை அண்ணாந்து பார்த்த பார்வை இருக்கிறதே, அப்படி அவளை அதுவரை யாரும் பார்த்ததில்லை.

“தாத்தாவுக்கு என்ன?” என்று கேட்டாள்.

“இருமிக்கிட்டே இருக்காரு.”

“வெந்நீர் குடிக்கச் சொல்லு.”

பெரிய மருந்து கிடைத்துவிட்ட மாதிரி தலையாட்டிவிட்டுச் சிறுமி மேலே ஓடினாள். ரொட்டிக்கடையில் வரிசையில் நின்றவர்கள், “நீங்க முன்னாடி வாங்கிக்குங்கம்மா, உங்களுக்கு அவசரம் இருக்கும்” என்று விலகி வழிவிட்டார்கள். ரொட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

வீட்டுக்கு வந்து ஜாக்கெட்டைக் கழற்றி ஆணியில் மாட்டியதும் அவள் பழையபடி சின்னவள் ஆகிவிட்டாள்.

அந்த வீட்டு அம்மாவுக்குப் பெண்கள் இருவர். பெரியவள் ஆம்புலன்ஸில் போகிற நர்ஸ். சின்னவள், வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்லக் கூச்சப்பட்டே பள்ளிக்கூடத்தை விட்டவள். பெரியவள் இடதுகைக்காரி. ‘பீச்சாங்கை’ என்று ஒருகாலத்தில் தெருவே அவளைக் கேலி செய்தது. இப்போது அதே தெரு, “அந்தக் கை பட்டாப் போதும், போன உயிர் திரும்பி வந்துடும்” என்கிறது. சின்னவளுக்கு எல்லாம் வலதுகைதான். அதைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவளுக்கென்று ஒரு பேர்கூட வெளியில் கிடையாது. ‘ஆம்புலன்ஸ்காரியோட தங்கச்சி’, அவ்வளவுதான். பிறந்ததிலிருந்து அவள் போட்டதெல்லாம் அக்கா போட்டுக் கழித்த துணி. பேரும் அப்படியே வந்து சேர்ந்தது.

அவள் பார்த்த வேலைகூட அக்கா சொல்லிக் கிடைத்ததுதான். ஆம்புலன்ஸ் ஆட்களுக்கும் தீயணைப்பு ஆட்களுக்கும் சீருடை தைக்கிற பட்டறை அது. நீளமான ஒரு கூடம், மூன்று ஜன்னல், ஓயாமல் தடதடக்கும் மிஷின்கள். பழுப்புத் தாளில் வெட்டிய அளவு மாதிரிகள் சுவர் ஆணிகளில் வரிசையாகத் தொங்கும். ஜாக்கெட்டுகளில், அடிபட்டவரின் துணியை வெட்டுகிற கத்தரி வைக்கிற பை எல்லாருக்கும் வலது பக்கம். பெரியவளுக்கு மட்டும் இடது பக்கம். அதற்காக அவளுடைய மாதிரி தனியாக ஓர் ஆணியில் தொங்கும். ஆணியில்கூட அவளுக்குத் தனி இடம் என்று சின்னவளுக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும்.

பட்டறை மாஸ்டருக்கு ஒரு வழக்கம் உண்டு. தையல் கோணலாகிப்போன தோள் முத்திரையைக் குப்பையில் போடவிட மாட்டார். அவர் கண்முன்னால் கத்தரியால் இரண்டாக வெட்டிக் காட்ட வேண்டும். புதிதாக யார் வந்தாலும் உட்காரவைத்துப் பாடம் எடுப்பார்.

“நல்லாக் கேட்டுக்க. உரிமை இல்லாதவன் இதைப் போட்டுக்கிட்டு வெளிய போனா ஜெயில். போட்டுக்கிட்டு ‘நான் காப்பாத்த வந்தவன்’னு சொன்னா தண்டனை இன்னும் கூடும். அவன் பேச்சை நம்பி யாருக்காவது உயிருக்கோ உடம்புக்கோ கேடு வந்துச்சுன்னா வருஷக்கணக்குல உள்ள இருக்கணும். துணி எங்கேருந்து போச்சுன்னு தேடிக்கிட்டு எங்க வருவாங்க தெரியுமா? எங்கிட்ட!”

பட்டன் துளை தைக்கிற காஜாக்காரி ஊசியைப் பல்லில் கடித்தபடியே கேட்பாள்: “மாஸ்டர், உள்ள வேளாவேளைக்குச் சாப்பாடு உண்டா?”

“உனக்கு வாய்க்குத்தான் முதல்ல காஜா போடணும்.”

கூடமே சிரிக்கும். சின்னவளும் சத்தமில்லாமல் சிரிப்பாள். மாஸ்டர் சொன்னதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். அது தெரிந்திருந்தும், மழையில் அந்தச் சிறுமி கேட்ட கேள்விக்குப் பிறகு ஒரு கோணல் முத்திரையை அவள் வெட்டவில்லை. வெட்டுவதுபோல் ஒரு துண்டுத் துணியை வெட்டிக் காட்டிவிட்டு, முத்திரையைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டாள். மிச்சம் விழுந்த பச்சைத் துணியும் வெள்ளிப் பட்டையும் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்கு வந்தன. வீட்டு மூலையில் பழைய தையல் மிஷின் ஒன்று இருந்தது. பட்டறை விடுமுறை நாட்களில், பெரியவள் இரவு வேலை முடிந்து வந்து பகலில் அடித்துப் போட்டாற்போல் தூங்கும்போது, அம்மா கடைத்தெருவுக்குப் போயிருக்கும்போது, சின்னவள் தைத்தாள்.

வாழ்நாளில் முதன்முறையாகத் தனக்கென்று ஒரு துணி தைக்கிறாள். எந்த மாதிரியை வைத்துத் தைத்தாள் என்கிறீர்கள்? அக்காவுடையதைத்தான். இருவருக்கும் ஒரே உடம்பு, ஒரே தோள். வேறு அளவு எடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. பை இடது பக்கம் வந்தது. வலதுகைக்காரிக்கு அது இடைஞ்சல். இருந்தாலும் அதில் தன்னுடைய கறுப்புப் பிடி போட்ட துணிக் கத்தரியைச் செருகிக் கண்ணாடியில் பார்த்தபோது, அக்காவைவிடத் தனக்குத்தான் எடுப்பாக இருக்கிறது என்று நினைத்தாள்.

ஜாக்கெட்டைப் பையில் மடித்து எடுத்துக்கொண்டு போய், நாலு தெரு தள்ளி ஒரு சந்துக்குள் நின்று மாட்டிக்கொள்வாள். பிறகு சும்மா நடப்பாள். பஸ்ஸில் ஏறினால் யாராவது எழுந்து இடம் கொடுப்பார்கள். சாலையைக் கடந்தால் வண்டிகள் நிற்கும். ஒரு கிழவர் தொப்பியைத் தூக்கி வணங்கினார். அவள் யாரிடமும் எதுவும் கேட்டு வாங்கவில்லை. யாருக்கு என்ன நஷ்டம் என்று தனக்குத்தானே வாதாடிக்கொண்டாள். அக்கா ஒருத்திக்கே இவ்வளவும் கிடைக்கலாமா? அதில் ஒரு கிள்ளு எடுத்துக்கொண்டால் குறைந்தா போய்விடும்?

சாவிக்காரர் சரிந்து விழுந்தது அப்படி ஒரு மத்தியானத்தில்தான்.

தபால் நிலையத்துக்குப் பக்கத்தில், செல்போன் கடை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து மாற்றுச் சாவி செய்கிறவர் அவர். அரத்தை எடுக்கக் கையை நீட்டியவர் அப்படியே ஒருபக்கமாகச் சாய்ந்தார். வாய் கோணிக்கொண்டது. ஏதோ சொல்ல வந்தார், சொல் குழறியது. கூட்டம் சேர்ந்தது. கூட்டத்தில் ஒருவர் கைப்பேசியை எடுத்தார். அந்த நேரம் பார்த்து யாரோ, “விலகுங்க, விலகுங்க, ஆம்புலன்ஸ் அக்கா வந்துட்டாங்க” என்றார்கள். எடுத்த கைப்பேசி சட்டைப்பைக்குள் போய்விட்டது.

கூட்டம் பிளந்து வழிவிட்டது. அந்த வழியில் நடந்து போகாமல் இருக்க அவளால் முடியவில்லை.

மண்டியிட்டு உட்கார்ந்து அவருடைய வலது கையைப் பிடித்துக்கொண்டாள். அக்கா வீட்டில் சொல்கிற கதைகளில் வருகிற வார்த்தைகள் தாமாகவே வாயில் வந்தன. “ஒண்ணும் இல்லப்பா. பயப்படாதீங்க. வண்டி வந்துக்கிட்டே இருக்கு.” தன் குரலா இது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. வகுப்பில் எழுந்து நிற்கவே நடுங்கியவள், “காத்தை மறைக்காதீங்க, தள்ளி நில்லுங்க” என்று ஒரு கூட்டத்தையே அதட்டினாள். கூட்டம் கேட்டது.

அக்கா சொல்கிற கதைகள் எல்லாம் வண்டி போய் நின்ற பிறகுதான் தொடங்கும். அதற்கு முன்னால் யாரோ ஒருவர் கூப்பிட்டிருக்க வேண்டும் என்பது எந்தக் கதையிலும் வந்ததில்லை. இவ்வளவு பேர் நிற்கிறார்களே, கூப்பிட்டிருப்பார்கள் என்று அவள் நம்பினாள். ஆம்புலன்ஸ்காரியே வந்துவிட்டாளே, அவள் கூப்பிட்டிருப்பாள் என்று அவர்கள் நம்பினார்கள்.

சாவிக்காரரின் பிடி முதலில் இறுக்கமாக இருந்தது. பிறகு மெதுவாகத் தளர்ந்தது. பயம் தெளிந்துவிட்டது என்று அவள் நினைத்தாள். அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

கடைசியில் செல்போன் கடைப் பெண்தான் கேட்டாள். “என்னக்கா, வண்டியைக் காணோம்? எங்கேருந்து வருது?”

சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள். எல்லாரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நீங்க... யாரும் கூப்பிடலயா?”

“நீங்க கூப்பிடலயா?”

கடைப் பெண் கைப்பேசியை எடுத்து ஆம்புலன்ஸை அழைத்தாள். தூரத்தில் சைரன் கேட்டதும் சின்னவள் எழுந்தாள். “வழிகாட்டிக் கூட்டிட்டு வரேன்” என்று சொல்லிவிட்டு, எதிர்த் திசையில் நடந்தாள். ஓடவில்லை. ஓடினால் சந்தேகப்படுவார்கள் என்கிற அளவுக்குப் புத்தி வேலை செய்தது.

சாவிக்காரர் பிழைத்துக்கொண்டார் என்று தெருவில் பேசிக்கொண்டபோதுதான் அவளுக்குத் தூக்கம் வந்தது.

இரண்டொரு நாளில் எதிர்வீட்டு அத்தை மூச்சு வாங்க மாடியேறி வந்தாள். நேராகப் பெரியவளிடம் போய் அவள் கன்னத்தை வழித்தாள்.

“என் கண்ணே பட்டுடும்டி. சாவிக்காரரைப் பெத்த மக மாதிரி பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தியாமே! செல்போன் கடைப் பொண்ணோட அம்மா சொல்லிச் சொல்லி மாஞ்சு போறா. இந்தப் பக்கத்துல ஆம்புலன்ஸ் பொண்ணுன்னா நீதானே?”

“நானா? நான் அன்னைக்கு வீட்டுல தூங்கிட்டு இருந்தேன் அத்தை.”

“பாத்தியா, செஞ்சதைக்கூடச் சொல்லிக்க மாட்டேங்கறா! பெத்தவளே, உன் வளர்ப்பு அப்படி.”

அம்மா பூரித்துப்போனாள். பெரியவள் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டி, “வேற யாராவது இருக்கும்” என்றாள். மூலையில் பட்டன் தைத்துக்கொண்டிருந்த சின்னவளின் விரலில் ஊசி ஏறியது. வாழ்க்கையில் அவள் தானாகச் செய்தது ஒன்றே ஒன்று. முழங்கால் தேய மண்டியிட்டது அவள். கையைப் பிடித்தது அவள். கூட்டத்தை அதட்டியது அவள். பாராட்டு வாங்குவது மட்டும் அக்காவா? விரலை வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டாள். சொல்லவும் முடியாது, மெல்லவும் முடியாது.

அந்தப் பாராட்டு ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. சாவிக்காரரின் மகன் புகார் கொடுத்தான். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் அப்பாவின் வலது கையைக் காப்பாற்றியிருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். ஆம்புலன்ஸ்காரி ஒருத்தி கூடவே உட்கார்ந்துகொண்டு, வண்டி வருகிறது என்று சொல்லிச் சொல்லி, யாரையும் கூப்பிடவிடாமல் செய்துவிட்டாளாம். பிறகு காணாமல் போனாளாம்.

விசாரணை அதிகாரி ஒரு சாயங்காலம் வீட்டுக்கே வந்தார். நரைத்த மீசை, நிதானமான பேச்சு. அம்மா துடைத்துப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தார். பெரியவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அவளுடைய ஜாக்கெட் நாற்காலி முதுகில் தொங்கியது.

“உங்க ஆபீஸ்ல விசாரிச்சேன்மா. கத்தரிப் பை இடது பக்கம் வச்ச ஜாக்கெட் உங்களுக்கு மட்டும்தான் தெச்சுக் குடுத்திருக்காங்க. அந்த செல்போன் கடைப் பொண்ணுக்கு முகம் சரியா ஞாபகம் இல்ல, ஆனா பை இடது பக்கம்தான் இருந்துச்சுன்னு அடிச்சுச் சொல்லுது.”

“சார், அன்னைக்கு நான் நைட் டியூட்டி முடிச்சு வந்து தூங்கினேன். இந்த வீட்டை விட்டு இறங்கவே இல்ல.”

“யார் சாட்சி?”

“அம்மா கடைத்தெருவுக்குப் போயிருந்தாங்க. தங்கச்சிக்கு லீவு, வீட்டுல இருந்தா. அவ சொல்லுவா.”

அதிகாரி சின்னவள் பக்கம் திரும்பினார். சின்னவள் தரையைப் பார்த்தாள். ஆமாம், இரண்டு பேரும் வீட்டில்தான் இருந்தோம் என்று ஒரு பொய் சொன்னால் இரண்டு பேருமே தப்பிக்கலாம். அந்த ஒரு வரி வாயில் வர மறுத்தது.

“அவ எப்பவும் இப்படித்தான் சார், வெளியாளுங்களைக் கண்டா வாய் திறக்க மாட்டா” என்றாள் அம்மா.

“பரவாயில்ல.” அதிகாரி பெரியவளிடம் திரும்பினார். “அந்தப் பையில பெரிய கத்தரி ஒண்ணு இருந்துச்சாம். கறுப்புப் பிடி.”

“பெரிய கத்தரியா? நாங்க வச்சிருக்கறது சின்னது சார். முனை வளைஞ்சு மழுங்கலா இருக்கும், ஆளு மேல குத்திடக் கூடாதுன்னு. இதோ, நீங்களே...”

பெரியவள் ஜாக்கெட்டிலிருந்து கத்தரியை எடுத்தாள். எடுத்தவள் பாதியில் நின்றாள். அவள் கண் மூலையிலிருந்த தையல் மிஷினுக்குப் போனது. மிஷின் பலகையில் கறுப்புப் பிடி போட்ட கத்தரி வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. அங்கிருந்து அவள் பார்வை தங்கையின் தோளுக்கு வந்தது. தன் தோளைப் போன்ற அதே தோள்.

அக்காவுக்குப் புரிந்துவிட்டது என்று சின்னவளுக்குப் புரிந்தது.

பெரியவள் கத்தரியைத் திரும்பப் பைக்குள் வைத்தாள். குரல் மாறிப்போயிருந்தது.

“சார், தங்கச்சியை இதுல இழுக்காதீங்க. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. எதுவா இருந்தாலும் என் மேலயே எழுதிக்குங்க.”

“என்னடி உளர்றே?” என்று அம்மா அலறினாள். “வேலை போயிடும்டி!”

“போனாப் போகட்டும்மா.”

அந்த நிமிஷம் சின்னவள் அக்காவின் காலில் விழுந்திருக்க வேண்டும். வேறு யாராக இருந்தாலும் விழுந்திருப்பார்கள். ஆனால் அவள் காதில் ஒன்றுதான் நின்றது: அவளுக்கு ஒண்ணும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் சொன்னது, தெருவில் சொன்னது, அம்மா சொன்னது. இப்போது அவளைக் காப்பாற்றுவதற்கும் அதே வார்த்தைதானா? அவள் செய்த நல்லதும் அக்காவின் பேருக்குப் போயிற்று. அவள் செய்த பாவமும் அக்காவின் பேருக்கே போகப் போகிறது. போய், அங்கேயும் அது தியாகமாகி, தெருவே கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்காவைக் கொண்டாடப் போகிறது. மூண்ட எரிச்சலில் பயம் இருந்த இடம் தெரியாமல் போயிற்று.

“எனக்குத் தெரியும்” என்றாள் சின்னவள்.

எல்லாரும் திரும்பினார்கள்.

“அது அவ இல்ல. நான்.”

மிஷினுக்கு அடியில் துண்டுத் துணி போட்டுவைக்கிற பெட்டியை இழுத்தாள். அடியிலிருந்து ஜாக்கெட்டை எடுத்து உதறினாள். யாரும் கேட்காமலே மாட்டிக்கொண்டாள். பலகையில் கிடந்த கத்தரியை எடுத்து இடது பக்கப் பையில் செருகிக்கொண்டு, அவர்கள் முன்னால் நிமிர்ந்து நின்றாள்.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அதிகாரி எழுந்து வந்து தோள் முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார்.

“கோணலா இருக்கே.”

“கழிச்சுப் போட்டது. வெட்டச் சொன்னாங்க. நான் வெட்டல. மாஸ்டருக்குத் தெரியாது.”

“இது என்ன குத்தம்னு தெரியுமாம்மா உனக்கு?”

“தெரியும். போட்டுக்கிட்டதுக்கு ஒண்ணு. காப்பாத்த வந்தவ மாதிரி நடந்துக்கிட்டதுக்கு இன்னொண்ணு. நம்பினவங்களுக்குக் கேடு வந்தா வருஷக்கணக்கு.” பாடம் ஒப்பிக்கிற மாதிரி, ஓர் இடத்தில்கூடத் தடுமாறாமல் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் இப்படி ஒப்பித்ததில்லை. பிறகு குரல் இறங்கியது. “அவர் கை... சுத்தமா வரலயா சார்?”

“அரம் பிடிக்க வரல. கரண்டிகூடப் பிடிக்க வரல.”

பிடி தளர்ந்தபோது தனக்கு வந்த சந்தோஷம் அவளுக்கு நினைவு வந்தது. அது தளர்ந்தது பயம் தெளிந்து அல்ல. அவள் உள்ளங்கைக்குள்ளேயே அந்தக் கை செத்துக்கொண்டிருந்திருக்கிறது. அவள் தன் வலது கையை ஜாக்கெட்டில் துடைத்துக்கொண்டாள். மறுபடியும் துடைத்துக்கொண்டாள்.

“எத்தனை வருஷம் சார்?”

“அதை நீதிபதி சொல்லுவார். நீ இப்ப என்கூட வரணும்.”

சின்னவள் தலையாட்டினாள். வாசல்வரை பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், கேட்கலாமா வேண்டாமா என்று தவித்தாள். கடைசியில் கேட்டே விட்டாள்.

“பேப்பர்ல போடுவாங்கல்ல சார்? என் பேரைப் போடுவாங்களா? இல்ல, ஆம்புலன்ஸ்காரியோட தங்கச்சின்னு போடுவாங்களா?”

அதிகாரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா சுவரோடு சரிந்து உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

பெரியவள் நாற்காலியிலிருந்து தன் ஜாக்கெட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள். பட்டன்களை ஒவ்வொன்றாகப் போட்டாள். பிறகு தங்கையின் எதிரில் வந்து நின்றாள். கண்ணாடிக்கு எதிரில் நிற்பதுபோல் இருந்தது. ஒரே பச்சை, ஒரே பட்டை, ஒரே பக்கத்தில் ஒரே பை. அறைவாள் என்று சின்னவள் காத்திருந்தாள். ‘ஏண்டி இப்படிப் பண்ணினே’ என்று கேட்பாள், கட்டிக்கொண்டு அழுவாள் என்று காத்திருந்தாள். திட்டினால்கூடப் போதும். அது தனக்கே தனக்கென்று வந்ததாக இருக்கும்.

பெரியவள் இடதுகையை நீட்டினாள். பச்சைப் பிள்ளையின் கையிலிருந்து வாங்குகிற மாதிரி, தங்கையின் பையிலிருந்து கத்தரியை மெல்ல உருவினாள். கொண்டுபோய் மிஷின் பலகையில், இருந்த இடத்திலேயே வைத்தாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டாள். கதவைத் திறந்தாள்.

படியில் அவள் இறங்குகிற சத்தம் கேட்டது. கீழே யாரோ, “என்னம்மா, டியூட்டிக்கா?” என்று கேட்டார்கள். அதற்குப் பதில் வருகிறதா என்று சின்னவள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

வரவில்லை. காலடிச் சத்தம் தெருவில் இறங்கி, தேய்ந்து, போய்விட்டது.